நாற்பத்து மூன்றாவது காதுவில்லை

மழை என்றைக்குப் பிடித்தது என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லாத, என்றைக்கு விடும் என்று ஒருவரும் கேட்காத நாக்ரோவன் என்கிற அயர்லாந்து ஊரில், பிப்ரவரி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடிகாலையில், டோனல் பண்ணையத்து மாடு போட்ட கன்றுக்குட்டி காதில் எஃகு வில்லையோடு பிறந்தது. இழுத்துப் போட்டவள் நான்தான். முன்னங்கால் இரண்டும் வந்து, மூக்கு வந்து, தலை வந்து, இடது காது சளக்கென்று வெளியே விழுந்தபோது, அதில் நாலு எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்த தகடு ஒன்று, பனிக்குடத் தண்ணீர் சொட்டச் சொட்ட, மடலைக் கவ்விக்கொண்டு இருந்தது.

நான் ஆச்சரியப்படவில்லை என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். முத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் நாலு எருமையும் இரண்டு மாடும் வைத்துப் பிழைத்த குடும்பத்துப் பெண் நான், பேர் மைனாவதி, வீட்டுக்காரருக்கு கார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால் போன நவம்பரில் இந்த ஊருக்கு வந்து, சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பால் கறக்கச் சேர்ந்தவள். இங்கே மாட்டின் கழுத்துப் பட்டை அது பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது, பால் நின்றதும் கறவை மெஷின் தானாகக் கழன்று விழுகிறது, மாடு முதுகு சொறிந்துகொள்ள கரண்டில் சுழலும் பிரஷ் மாட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட சீமையில் கன்று வில்லையோடு பிறப்பதும் இவர்கள் பண்ணிய ஏதோ ஏற்பாடாக்கும், காது குத்துகிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, தொப்புளுக்கு மருந்தைத் தடவினேன்.

அப்போதுதான் டோனல் உள்ளே வந்தார். எழுபத்தொரு வயது, பனைமரம் போல ஆள். இங்கே பெரியவர் சின்னவர் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு வாய் வராது, அய்யா என்றுதான் கூப்பிடுவேன், அவரும் அதை ஒரு செல்லப் பேர் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். ஒரு கையில் வில்லை குத்துகிற குறடும், இன்னொரு கையில் இந்த வருஷத்து மஞ்சள் வில்லை டப்பாவுமாக வந்தவர், கன்றின் காதைப் பார்த்தார். டப்பா கைநழுவிச் சாணியில் விழுந்தது.

"எண் என்ன?" என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

படித்துச் சொன்னேன். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இதை ஈஃபாகிட்ட சொல்லாத" என்றார். ஈஃபா அவருடைய ஒரே மகள், அன்றைக்கு அவளுக்கு ஆறாம் மாதம், வருகிற ஐப்பசியில் பண்ணையமே அவள் பேருக்கு மாறப்போகிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கன்றை அன்றைக்கே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்க் கன்றுக் கொட்டகையில் விட்டோம். அது இங்கே வழக்கம். சீம்பாலைக் கறந்து, ரப்பர்க் காம்பு வைத்த வாளியில் ஊற்றி மனுஷர்தான் கன்றுக்குக் கொடுப்பார்கள், தாய் முகத்தை அது மறுபடி பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் முதல் நாலு வாய் கன்று குடித்த பிறகுதான் செம்பை வைப்போம், கன்று செத்துப்போனால்கூடத் தோலில் வைக்கோல் திணித்துத் தாய்க்கு முன்னால் நிறுத்துவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாய்மாடு கம்பிக்கதவில் கழுத்தை நீட்டிக் கத்துகிற கத்தலைக் கேட்டு நான் அழுதேவிட்டேன். அப்போது டோனல் என் தோளில் தட்டிச் சொன்னார்: "ரெண்டு நாள் கத்தும் மைனா. மூணாம் நாள் கறக்க வந்துடும்." அவர் சொன்னது அப்படியே நடந்தது, ஒவ்வொரு மாட்டுக்கும் நடந்தது, மூன்றாம் நாள் ஒவ்வொன்றும் அடங்கி, வரிசையில் வந்து, காம்பை நீட்டிக்கொண்டு நின்றது.

ஈஃபாவிடம் சொல்லாமல் மறைப்பதற்கு அவசியமே இல்லாமல் போனது. அடுத்த நாள் நோரீன் பண்ணையத்தில் ஒன்று, அதற்கு அடுத்த நாள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே வருவதற்குள் பாதிரியார் தம்பி வீட்டில் ஒன்று என்று, எஃகு வில்லைக் கன்றுகள் ஊர் முழுக்கப் பிறந்தன. எல்லாவற்றிலும் அதே நாலு எழுத்து, எண் மட்டும் வேறு வேறு. அந்த எஃகு வில்லை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே வழக்கொழிந்த சாமான், அதை அடித்த மெஷினே இப்போது எங்கும் இல்லை என்றார்கள். ஆனால் அந்த நாலு எழுத்தும் யார் வீட்டுக் குறி என்று ஐம்பது தாண்டிய ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. டெனிஸ் லேசி என்று ஒருவர் இருந்தார், டோனல் பண்ணையத்துக்கு அடுத்த வேலி, செத்து முப்பது வருஷம் ஆகிறது.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டீ போட்டு, கேக் வெட்டி, முதலில் மழையைப் பற்றிப் பேசி, அப்புறம் தீவனப் புல் தீர்ந்துபோவதைப் பற்றிப் பேசி, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் இந்த விஷயத்துக்கு வந்தார்கள். கன்று எப்படி வில்லையோடு பிறக்கும் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இதுதான்: காதில் ஒரு வில்லை இருக்கும்போது இன்னொன்று குத்துவது குற்றம், இருக்கிற வில்லையை அறுப்பது அதைவிடப் பெரிய குற்றம், இருபது நாளைக்குள் பதியாவிட்டால் அபராதம், அப்படியானால் கன்றை யார் கணக்கில் பதிவது? மாட்டு டாக்டர் ஹார்கன் எழுந்தார். நரைத்த மனுஷர், அந்த ஊர் மாடுகளின் கழுத்தை எல்லாம் நாற்பது வருஷமாகத் தடவிப் பார்த்தவர். "வில்லை என்ன சொல்லுதோ அதுதான்" என்றார். ஆபீசுக்கு எழுதிக் கேட்டார்கள். ஆபீசும் அதையே ஆறு பக்கத்துக்கு எழுதி அனுப்பியது.

ஆக, கன்றுகளை லேசி வீட்டுக்கு ஓட்டினோம்.

அங்கே டெனிஸின் மனைவி பிரீட் லேசி தனியாக இருந்தார், எண்பத்தொரு வயது, முப்பது வருஷமாக ஒரு மாடுகூடக் கால் வைக்காத நிலத்தில் கோரையும் முட்செடியும் இடுப்பளவு நின்றன. வருஷா வருஷம் ஆபீசிலிருந்து மாட்டுக் கணக்குக் கேட்டு வரும் தாளில், மற்றவர்களாக இருந்தால் பண்ணையம் மூடியாகிவிட்டது என்று எழுதி முடித்திருப்பார்கள், இவர் மட்டும் 'இப்போதைக்கு மாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அதனால் அந்த நாலு எழுத்தும் சாகாமல் இருந்தன. முதல் கன்றை டிராக்டர்ப் பெட்டியிலிருந்து நானும் ஈஃபாவும் இறக்கினபோது, அவர் கன்றின் காதைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படித்து, "வா கிளாரா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைத் திறந்துவிட்டார். கன்று தெரிந்த வீட்டுக்குப் போவதுபோல உள்ளே போயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, ஊர் கெட்ட ஊர் இல்லை. கிழவி தனி ஆளாக எத்தனை கன்றுக்குப் பால் கரைப்பாள் என்று நோரீன் ஒரு முறைப் பட்டியல் எழுதி மண்டபக் கதவில் ஒட்டினாள், திங்கள் இன்னார், செவ்வாய் இன்னார், பால்மாவு இன்னார், வைக்கோல் இன்னார். கள்ளுக்கடையில் இதை வைத்து ஒரு மாதத்துக்குச் சிரித்தார்கள். தன் மாடு ஈனும்போது காது வெறுமையாக இருந்தால், "லேசி என்னை மறந்துட்டான்பா" என்பார்கள், வில்லை இருந்தால், "வரி கட்டியாச்சு" என்பார்கள். ஈஃபாகூடச் சிரித்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு டிராக்டர் ஓட்டுவாள், டீயில் எனக்கு மட்டும் மூன்று கரண்டி சர்க்கரை போடுவாள், பிள்ளை உதைக்கும்போது என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, "பாரு மைனா, இதுவும் காலைக் கறவைக்கு எந்திரிச்சுடுச்சு" என்பாள். அவள் புருஷன் கப்பல் வேலைக்காரன், வருஷத்தில் பாதி நாள் கண்ணில் படமாட்டான். அவளும் நானும் அவ்வளவு ஒட்டிக்கொண்டோம்.

ஆனால் அந்தக் கன்றுகளைப் பார்த்தால் எனக்கு மனசு சரியாகவே இல்லை. கன்று என்றால் துள்ளவேண்டும், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், பசித்தால் கத்தவேண்டும். இவை கத்தவே இல்லை. பாலைக் குடித்ததும் எல்லாம் ஒன்றாக நடந்து வந்து, வேலி ஓரமாக நின்று, டோனல் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும், மழையிலும் நிற்கும், ஆலங்கட்டியிலும் நிற்கும். டோனல் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டார்.

என் முறை வந்த ஒரு வெள்ளிக்கிழமை, கன்றுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு, பிரீட் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். மொத்தம் எத்தனை வரும்?

"நாப்பத்து மூணு" என்றார். "நாப்பத்து மூணைத்தான் கொண்டுபோனாங்க."

கேட்காமலே மீதியையும் சொன்னார். இங்கே வருஷத்துக்கு ஒருமுறை மாடுகளுக்குக் காசநோய்ச் சோதனை. திங்கட்கிழமை டாக்டர் கழுத்தில் ஊசி போடுவார், வியாழக்கிழமை வந்து தடவிப் பார்ப்பார், வீங்கியிருந்தால் அந்த மாட்டை லாரி கொண்டுபோகும், பண்ணையத்தைப் பூட்டிவிடுவார்கள், ஒரு மாட்டை விற்க முடியாது, வாங்க முடியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் டோனல் வீட்டுக்கும் லேசி வீட்டுக்கும் ஒரே நாளில் சோதனை. வியாழக்கிழமை லேசி மாடுகளில் ஒன்றுக்குக் கழுத்தில் முட்டை அளவு வீக்கம். டெனிஸ் அந்த மாட்டைப் பார்த்துவிட்டு, இது என் மாடு இல்லை என்றிருக்கிறார். என் மாடு பெஸ்ஸி, அவளுக்கு நெற்றியில் சுழி வேறு மாதிரி, மடி வேறு மாதிரி, இது அவள் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"டாக்டர் வில்லையைப் பார்த்தார். வில்லையில பெஸ்ஸியோட எண்தான் இருந்துச்சு. வில்லை என்ன சொல்லுதோ அதுதான்னுட்டார். ஊரும் அதையே சொல்லுச்சு. டெனிஸுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார் பிரீட் அம்மா. அந்த ஒரு மாட்டோடு முடியவில்லை. அடுத்த சோதனையில் ஒன்பது, அதற்கடுத்து மொத்த மந்தையும். வந்த லாரியில் பாதி மாடுகள் சினையாக ஏறின. டெனிஸ் அதற்குப் பிறகு சோற்றை முகர்ந்து பார்த்ததோடு சரி, அந்தக் குளிரிலேயே போய்ச்சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். "ஏனுங்க, இது எங்க போயி முடியுமுங்க?" என்றேன். "அது அவிங்க ஊரு வெவகாரம் புள்ள, நீ பாலக் கறந்தமா வந்தமான்னு இரு" என்றார். நல்ல யோசனைதான், யாரால் இருக்க முடிகிறது?

கன்றுக் கணக்கு முப்பது தாண்டியதும் கள்ளுக்கடையில் சிரிப்பு நின்றது. முப்பத்தைந்து தாண்டியதும், வில்லை இல்லாத கன்று போட்ட வீட்டுக்காரன் வெளியே சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டான், வில்லையோடு கன்று பிறந்த வீட்டுக்காரன் வரி கட்டின நிம்மதியில் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போனான். ஏப்ரல் கடைசியில் நாற்பத்திரண்டு கன்றுகள் லேசி வேலியோரம் வரிசையாக நின்றன. ஊரில் எல்லா மாடும் ஈன்று முடித்துவிட்டது. ஒரு எண் பாக்கி. பெஸ்ஸியின் எண்.

ஊரில் சினையாக மிச்சம் இருந்தவள் ஈஃபா ஒருத்திதான்.

அதை யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். அவள் என்ன முட்டாளா? ஒரு நாள் பால் அறையில் குழாய் கழுவிக்கொண்டே, "மைனா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "அட போ கண்ணு, மாட்டுக்கும் மனுஷிக்கும் முடிச்சுப் போடாத" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

அன்று சாயங்காலக் கறவையில் டோனல் என் பக்கத்தில் நின்றார். கறவைக்கூடத்தில் நாம் பள்ளத்தில் நிற்போம், மாடுகள் இரண்டு பக்கமும் மேலே நிற்கும், மடி நம் முகத்துக்கு நேராக இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை, மனசில் இருப்பதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

"அந்த மாடு என்னுது" என்றார். "ஊசி போட்ட மறுநாளே கழுத்தைத் தடவிப் பார்த்தேன், வீங்கியிருந்துச்சு. அப்ப ஈஃபாவுக்கு நாலு வயசு, அவ அம்மா படுத்த படுக்கை. பெஸ்ஸி வேலி தாண்டி என் புல்லை மேஞ்சுக்கிட்டு நின்னா. ரெண்டும் கறுப்பு வெள்ளை. குறடை எடுத்து ரெண்டு வில்லையையும் நெகிழ்த்தி மாத்திப் போட்டேன். என்னுதை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டேன். பத்து நிமிஷ வேலை."

"பெஸ்ஸி என்னானாங்கய்யா?"

"என்கிட்டயே இருந்தா. பதினொரு ஈத்து போட்டா. இப்ப நீ கறக்குறியே, இந்த வரிசையில முக்கால்வாசி அவ வம்சம்தான்."

பாவி மனுஷா என்று வாய்வரைக்கும் வந்தது. "அய்யா, சொல்லிப்போடுங்க. நாளைக்கே பிரீட் அம்மாகிட்டப் போயிச் சொல்லிப்போடுங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறன்" என்றேன்.

"சொல்றேன். நிலம் ஈஃபா பேருக்கு மாறட்டும், மறுநாளே சொல்றேன். இப்ப சொன்னா அவளையும் சேர்த்துக் காறித் துப்புவாங்க. நீ வாயைத் திறக்காத மைனா."

திறக்கவில்லை. அதுதான் என் தப்பு.

டோனல் வேறு வழி பார்த்தார், மாட்டுக்காரனுக்குத்தான் அந்தப் புத்தி வரும். சந்தைக்குப் போய், தாமதமாகச் சினைபிடித்த கிடேரி ஒன்றை வாங்கி வந்தார், பாக்கி எண்ணை அது வாங்கிக்கொள்ளட்டும் என்று. மே இரண்டாம் தேதி ஈன்றது, காது வெறுமை. ஓடிப்போய் இன்னொன்று வாங்கி வந்தார். ஒன்பதாம் தேதி ஈன்றது. வழுவழுவென்று இருந்த அந்த இரண்டு காதையும் அவர் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துவிட்டு, வைக்கோலில் மண்டியிட்டு அழுதார்.

பதினாலாம் தேதி மத்தியானம் நாச்சிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினார். "பொட்டப் புள்ள. ரெண்டு கிலோ எழுநூறு. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

"சொல்லுங்க."

"காதுல இருக்குது புள்ள."

ஆஸ்பத்திரியில் அதை அங்க அடையாளம் என்று இருக்கிற இடத்தில் எழுதினார்களாம். சின்னக் காதுக்கு ஏற்ற சின்ன வில்லை, சுண்டுவிரல் நகத்தளவு, அதே நாலு எழுத்து, பெஸ்ஸியின் எண். ஈஃபா வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஊரே கேக்கும் கம்பளிக் குல்லாயுமாக வந்தது, பதினேழு குல்லாய், எல்லாம் காதை மறைக்கிற மாதிரி பின்னினவை. பிள்ளை அம்மா மாதிரியா அப்பா மாதிரியா என்று பேசினார்கள். போகும்போது ஒவ்வொருவரும் ஈஃபாவின் கையை ஒரு பிடி அழுத்திவிட்டுப் போனார்கள். ஆறாம் நாள் ஆபீசிலிருந்து தபால் வந்தது, கன்றுகளுக்கு வந்த அதே நமூனாத் தாள், பிள்ளையை லேசி கணக்குக்கு மாற்ற அனுமதி. ஏழாம் நாள் காலைக் கறவை முடிந்ததும் எல்லாரும் வேலிக் கதவுக்கு வந்து நின்றார்கள்.

கெட்ட எண்ணத்தோடு வரவில்லை, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நோரீன் புது முறைப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தாள், பால்மாவு இன்னார், துணி துவைக்க இன்னார். நாற்பத்திரண்டு முறை செய்த காரியம் கைக்குப் பழகியிருந்தது. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்ற ஈஃபாவின் முதுகைத் தடவி, "ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும்மா. மூணாம் நாள் சரியாப் போயிடும்" என்றாள்.

டோனல் முன்னால் வந்து நின்றார். மழையில் தொப்பியைக் கழற்றினார். "அந்த மாடு என்னுது" என்றார். வில்லையை மாற்றினது, பெஸ்ஸியை வைத்துக்கொண்டது, டெனிஸ் சொன்னது சத்தியம் என்றது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிமுடித்தார். ஈஃபா அப்பனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் ஹார்கன்தான் மெதுவாக அவர் தோளில் கை போட்டார். "எனக்குப் புரியுது டோனல். பேத்தின்னா யாருக்குத்தான் மனசு வரும்? என்ன வேணாலும் சொல்லத் தோணும். ஆனா வில்லை என்ன சொல்லுதோ அதுதான்."

"பொய் இல்லைங்க, ஏப்ரல் மாசமே என்கிட்டச் சொன்னாருங்க!" என்று நான் கத்தினேன். நோரீன் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தாள். "நீ நவம்பர்ல வந்தவ மைனா" என்றாள்.

அப்போது பிரீட் அம்மா கோரைக்குள்ளிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டு கன்றுகளும் விலகி வழி விட்டன. ஈஃபா ஒரு அடி பின்வாங்கினாள். கிழவி குல்லாயைத் தூக்கி, கட்டைவிரலால் வில்லையைத் துடைத்து, ரொம்ப நேரம் படித்தார். பிள்ளை கொட்டாவி விட்டது.

"இது என் மாடு இல்ல" என்றார்.

எல்லார் தலையும் குனிந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே கதவில் அதே வார்த்தையைக் கேட்டவர்கள் அவர்கள்.

"வில்லை இருக்கேம்மா" என்றார் ஹார்கன்.

"வில்லை என் வீட்டுதுதான். மாடு என்னுது இல்ல. எங்க வீட்டுல அடுத்தவங்க உருப்படியை வெச்சுக்கிற வழக்கம் கிடையாது." அப்புறம் டோனல் பக்கம் திரும்பினார். "குறடு இருக்கா டோனல்?"

இருந்தது. அன்றைக்கு மாற்றின அதே பழைய குறடை முப்பது வருஷமாக மேஜை இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருந்தாராம். வீட்டுக்குள் போய் எடுத்து வந்தார், ஓடிப் போகவில்லை, மெதுவாக நடந்து போய் நடந்து வந்தார்.

"அன்னிக்கு மாத்திப் போட்ட இல்ல, இன்னிக்கும் மாத்திப் போடு" என்றார் பிரீட் அம்மா.

ஈஃபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்பா, வேண்டாம்" என்றாள். அவர் பிள்ளையின் காதைப் பிடித்த பிடி இருக்கிறதே, எங்கள் ஊரில் காதுகுத்துக்கு மாமன் மடியில் வைத்துப் பிடிக்கிற மாதிரி அவ்வளவு பதனமாக இருந்தது. வில்லையை நெகிழ்த்தினார். பிள்ளை ஒரு தரம் வீறிட்டு அடங்கியது, காதில் கடுகளவு ஓட்டை, ஒரு சொட்டு ரத்தம். பிறகு அதைத் தன் இடது காதில் வைத்து, இரண்டு கையாலும் குறடை அழுத்தினார். அவர் காதில் போய் உட்கார்ந்தபோது அது பெரிய மாட்டு வில்லையின் அளவுக்கு இருந்தது, அதையும் யாரும் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"சாயங்காலக் கறவைக்கு நேரமாயிடும், பார்த்துக்க" என்று மகளிடம் சொல்லிவிட்டு, வேலிக் கதவைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். அவர் கால் வைத்ததும் நாற்பத்திரண்டு கன்றுகளும் டோனல் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பின, ஒன்று கத்தியது, இன்னொன்று கத்தியது, அப்புறம் வாலைத் தூக்கிக்கொண்டு கோரைக்குள் துள்ளி ஓடின. நோரீன் முறைப் பட்டியலில் பால்மாவை அடித்துவிட்டு, ரொட்டி என்று எழுதினாள்.

பிரீட் அம்மா அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. கன்றுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார், கோரையை அறுத்தார், வாய்க்கால் வெட்டினார், கன்றுகளுக்குப் பால் கரைத்தார். என் முறைக்கு அரிசியும் பருப்புஞ் சாதம் ஆக்கிக்கொண்டு போவேன், சாப்பிட்டுவிட்டு, பாப்பா எடை எவ்வளவு, கறவை எவ்வளவு என்று மட்டும் கேட்பார். ஈஃபா தினம் வேலியோரம் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். மூன்று வாரம் நல்ல வெயில் அடித்தது. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்றே நான் நினைத்துவிட்டேன், பைத்தியக்காரி.

ஜூன் இரண்டாம் திங்கட்கிழமை லேசி பண்ணையத்துக்குச் சோதனை வந்தது, மாடு இருந்தால் சோதனை உண்டு என்பது சட்டம். ஹார்கன் நாற்பத்து மூன்று கழுத்துக்கும் ஊசி போட்டார். நாற்பத்து மூன்றாவது தானே சட்டைக் காலரை இறக்கிக் காட்டியது. வியாழக்கிழமை திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் தடவினார், சுத்தம், சுத்தம் என்று சொல்லிக்கொண்டே வந்தார், நாற்பத்திரண்டும் சுத்தம். கடைசியில் டோனலின் கழுத்தில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, முட்டை அளவு வீக்கம்.

"டோனல்" என்றார் ஹார்கன், கண்ணீர் மூக்கில் சொட்ட.

"எழுதிக்கோ" என்றார் டோனல்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. ஒரே ஒரு உருப்படி. ஊரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றது, எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்கிற வழக்கமும் இல்லை. யாரும் ஓட்டாமலே டோனல் பலகையில் ஏறி உள்ளே போய் மூலையில் நின்றுகொண்டார். பிரீட் அம்மா வாசலில் நின்று, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஈஃபா வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கதறினாள். மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்குக் கறக்க வந்துவிட்டாள்.